கதவில்லாத நிலை

"நிலை ஒன்றை வாங்கி வந்து மூன்று மாதமாகச் சுவரிலே சாத்தி வைத்திருக்கிறார்கள், தம்பி. நாட்பார்த்து வைக்கவேண்டிய நிலையை இப்படிப் போட்டு வைக்கலாமோ?"

சென்ற டிசெம்பர் விடுமுறையிலே இலண்டன் மாநகரின் கீழ்ப்பகுதியில் வாழும் என் தமக்கையார் வீட்டிற் சென்று இறங்கிய அன்றே அம்மா என்னிடம் சொல்லிக்கொண்ட முறைப்பாடு இது. அம்மா காட்டிய திசையிற் பார்த்தேன். நடைவழியிலே, மேலங்கிகள் தொங்கும் கொளுக்கிகளின் கீழே, பைன் மரத்தாலான ஒரு பெரிய சட்டகம் சாய்ந்து நின்றது. இரண்டு கால்கள்; கால்களின் அடியிற் பீடம்; மேலே குறுக்காக ஓர் உத்தரம்; உத்தரத்தின்மேல் முன்னோக்கி நீண்ட ஒரு பலகை. வாசல் நிலையென்று அம்மா கருதியதில் வியப்பில்லை. உண்மையில் அது வாசல் நிலையன்று. குளிர்காயும் அடுப்பின் வாயைச் சுற்றிச் சுவரிலே பொருத்தும் மரச்சட்டகம். இவ்வகை அடுப்பைக் கணப்பு என்னும் நல்ல தமிழ்ச் சொல்லால் இக்கட்டுரையிற் குறிப்பேன்.

அம்மாவின் பிழையிலும் ஓர் உண்மை உண்டு. ஆங்கில நாட்டுச் சிற்பிகள் பதினேழாம் பதினெட்டாம் நூற்றாண்டுகளிலே இச்சட்டகத்தை வகுத்தபோது, பழைய கிரேக்க, உரோம ஆலய வாயில்களின் அமைப்பையே எடுத்துக்கொண்டனர். தூணும் போதிகையும் உத்தரமும் அங்கிருந்து வந்தவை. ஆகவே இதனைக் கதவில்லாத நிலை எனலாம். அதனூடாக மனிதர் செல்வதில்லை. நெருப்பின் ஒளியும் வெம்மையும் வெளியே வருகின்றன.

அக்காவின் வீடு 1890ஆம் ஆண்டை அண்டிக் கட்டப்பட்டது. ஒரே அச்சில் வார்த்தாற்போல ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் வரிசை வீடுகளில் ஒன்று. முன்னறை 12 அடி அகலம். தெருப்பக்கமாக முன்தள்ளிய சாளரம். பக்கச் சுவரின் நடுவிலே 4 அடி 8 அங்குல அகலத்துக்குப் புகைபோக்கிச் சுவர் அறைக்குள் பிதுங்கி நிற்கும். அதன் இருமருங்கும் அலுமாரி வைக்கத்தக்க ஒதுக்குகள் இரண்டு. இவ்வறையைக் கட்டிய கொத்தன், கணப்பை எண்ணியே சுவரெழுப்பினான் என்பது பார்த்தவுடன் புலனாகும். ஆனால் முன்னர் அங்கே குடியிருந்தோர் கணப்பின் வாயைப் பலகையால் அடைத்துச் சுவர்த்தாள் ஒட்டிவிட்டனர். சுடுநீர் ஓடும் ரேடியேற்றர் சாளரத்தின் கீழே அறையைச் சூடாக்குகிறது.

நான் சென்றபோது இரண்டு பெரிய சோபாக்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கிடந்தன. தொலைக்காட்சிப் பெட்டி ஒரு மூலையிலே நின்றது. அம்மாவின் கதிரை ரேடியேற்றரின் அருகே, எல்லோருக்கும் பின்னால். அத்தான் தொலைக்காட்சியைப் பார்ப்பார். மருமகள் தன் கையிலுள்ள தொலைபேசியைப் பார்ப்பாள். அக்கா சமையலறைக்கும் அறைக்குமிடையே நடப்பார். அம்மா மற்றவர்களின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருப்பார். யாரையும் குறை கூறுகிறேனல்லேன். கதிரைகள் கிடந்த கிடை அப்படி.

அக்கா சட்டகத்தை வாங்கியதன் காரணமும் இதுவே என்று பின்னர் அறிந்தேன். "அப்பா இருந்தபோது ஊர் வீட்டில் முற்றத்தைச் சுற்றித்தானே எல்லாரும் இருந்தோம், தம்பி. இங்கே ஒரு இடம் வேண்டாமா?" என்றார். நாற்சார் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அவர் கூறியது விளங்கும். அங்கே நடு முற்றம் வெறும் வெளிதான். ஆயினும் எல்லா விறாந்தைகளும் அதை நோக்கியே இருந்தன.

இனி வீட்டிலே எழுந்த வழக்கு. சட்டகத்தைப் பொருத்தி அதன்மேலே தொலைக்காட்சியை மாட்டவேண்டுமென்பது அத்தானின் கட்சி. மின்சாரத்தால் ஒளிரும் போலி நெருப்பை உள்ளே வைக்கலாமென்பது மருமகளின் யோசனை. மெய்யான விறகுத் தீயே வேண்டுமென்பது அக்காவின் பிடிவாதம். மூன்று மாதமும் சட்டகம் நடைவழியிற் கிடந்ததற்குக் காரணம் இவ்வழக்கே. "நீதானே பௌதிகம் படிப்பிக்கிறாய், நீ சொல்லு" என்று வழக்கு என்னிடம் வந்தது.

பௌதிக ஆசிரியனிடம் கணப்பைப் பற்றிக் கேட்டால் அவன் குவியத்தில் இருந்துதான் தொடங்குவான். வில்லையினூடே செல்லும் கதிர்கள் ஒன்றுசேரும் புள்ளியை ஆங்கிலத்திலே 'போக்கஸ்' என்கிறோம். அது இலத்தீன் சொல். அம்மொழியில் அதன் பொருள் அடுப்பு! கதிர்கள் கூடும் புள்ளிக்கு இப்பெயரை இட்டவர் வானியலறிஞர் கெப்ளர், ஆண்டு 1604. அறையிலே மனிதர் எங்கே கூடினரோ அந்த இடத்தின் பெயரைக் கதிர்கள் கூடும் இடத்துக்கு வைத்தார். இருபது ஆண்டுகளாக வகுப்பிலே குவியத் தூரம் படிப்பித்து வருகிறேன். இதை நான் அறிந்துகொண்டது அண்மையிலேதான்.

ஆங்கிலேயரின் பழைய பெருமனைகளில் நெருப்பு மண்டபத்தின் நடுவிலேயே எரிந்தது. புகை கூரையிலிருந்த துவாரத்தாற் போயிற்று. கென்ற் மாகாணத்திலே பென்ஸ்ஹேர்ஸ்ற் என்னும் மாளிகையில், 1341ஆம் ஆண்டளவிற் கட்டப்பட்ட மண்டபத்தின் நடுவே அத்தகைய அடுப்பை இன்றும் காணலாம். பதினாறாம் நூற்றாண்டிலே செங்கற் புகைபோக்கி பரவியதும் நெருப்பு நடுவை விட்டுச் சுவருக்குச் சென்றது. தம் காலத்திலே புகைபோக்கிகள் பெருகியதை ஊரின் முதியோர் வியந்து பேசிக்கொண்டதை வில்லியம் ஹரிசன் என்னும் பாதிரியார் 1577இல் வெளியான தம் நூலிற் குறித்துள்ளார். அரசும் இதைக் கவனிக்கத் தவறவில்லை. 1662இலிருந்து 1689 வரை அந்நாட்டில் அடுப்பொன்றுக்கு ஆண்டுக்கு 2 சிலிங் வரி அறவிட்டனர். வரி கணக்கிட வந்தவன் வீட்டினுள்ளே நுழைந்து அடுப்புகளை எண்ணுவானாம். அந்த வரியை மக்கள் எவ்வளவு வெறுத்திருப்பர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நெருப்பு சுவருக்குப் போனதும் அச்சுவர் அறையின் முகமாயிற்று. முகத்துக்கு அலங்காரம் வேண்டுமன்றோ? முதலில் ஓக் மரத்திலே கனத்த செதுக்கு வேலைகள். பின்னர் கிறின்லிங் கிபன்ஸ் என்பார் எலுமிச்சை மரம் போன்ற பெயருடைய ஆனால் எலுமிச்சையல்லாத 'லைம்' மரத்திலே பூவும் கனியும் பறவையுமாகச் செதுக்கிய அற்புதங்கள். அதன்பின் பதினெட்டாம் நூற்றாண்டிலே றொபேட் அடாம் என்னும் சிற்பியின் மெல்லிய, அடக்கமான பாணி. இன்று கடைகளிலே 'அடாம் பாணி' என்று விற்கப்படும் சட்டகங்கள் யாவும் அவர் நிழலில் நிற்பவை. செல்வர் சலவைக்கல் வைத்தனர். நடுத்தரக் குடும்பத்தார் பைன் மரத்திலே செய்து, சுண்ணத்தூளும் வச்சிரமும் குங்கிலியமும் ஆளிவிதை எண்ணெயும் கலந்த சாந்தை அச்சிலே வார்த்துப் பூவேலையாக ஒட்டி, மேலே நிறம் பூசிவிட்டனர். அக்கா வாங்கியது இந்த வகையைப் பார்த்துப் பிற்காலத்திலே செய்த ஒன்று.

அளவு நாடாவை எடுத்து அளந்தேன். இரு கால்களின் வெளியோரங்களுக்கிடையே 5 அடி. புகைபோக்கிச் சுவரோ 4 அடி 8 அங்குலம்! பக்கத்துக்கு 2 அங்குலம் காற்றிலே நிற்கவேண்டும். மேற்பலகை இன்னும் வெளியே நீளும். பழைய வீடுகளில் கழற்றிய மரச்சாமான்களை விற்கும் ஓரிடத்தில், செதுக்கு வேலையின் அழகிலே மயங்கி, அளக்காமல் வாங்கிவிட்டார் அக்கா. ஏதோவொரு பெருமனையின் விருந்தறையில் நின்றது அது. "கால்களைச் சிறிது சீவிவிடலாம்" என்றார் பொருத்த வந்த ஆங்கிலத் தச்சர். எனக்கு உடன்பாடில்லை. இச்சட்டகத்தின் அழகு செதுக்கிய பூவிலன்று. காலுக்கும் உத்தரத்துக்கும் மேற்பலகைக்குமுள்ள விகிதத்திலே உள்ளது. காலைச் சீவினால் உத்தரம் பாரமாகத் தோன்றும். தலைக்குப் பெரிய தலைப்பாகையைத் தைத்துச் சிறிதாக்கினாலும் அது அத்தலைக்குரிய தலைப்பாகை ஆகாது. சட்டகத்தின் இருபுறமும் வெறுஞ் சுவர் சிறிதேனும் தெரியவேண்டும். அப்போதுதான் அது சுவரிலே இருக்கின்றது என்று கண் ஒப்புக்கொள்ளும்.

அக்காவின் முகம் வாடிற்று. கொடுத்த விலை 400 பவுண். அத்தான் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்ததுதான் பெரிய பேச்சு. ஈற்றில், விற்றவரே அதனை அரைவிலைக்குத் திருப்பி எடுத்து, சிறிய எளிய சட்டகம் ஒன்றைத் தந்தார். இரு கால்கள், பூவேலையற்ற உத்தரம், ஆறங்குல மேற்பலகை. அகலம் 3 அடி 10 அங்குலம். அதன் உடலெல்லாம் பழைய நிறப்பூச்சு, படைபடையாக.

நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். நம் ஊரிலே முதிரைக்கும் தேக்குக்கும் நிறம் பூசினால் தச்சன் அழுவான். ஆகவே அக்காவும் பூச்சைச் சுரண்டியெடுத்து மரத்தின் நெளிகளைக் காட்டவேண்டுமென்றே நினைத்தார். பைன் அந்தச் சாதியன்று. அடாம் காலத்திலிருந்தே அது பூச்சுக்கென்று தெரிந்தெடுத்த மரம். வெறும் பைனைக் காட்டும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டிலே எழுந்த நாகரிகம். எரிசோடாத் தொட்டியிலே முக்கிப் பூச்சை உரித்தால் வச்சிரம் இளகி மூட்டுகள் ஆடும். முதலில் வாங்கிய பெரிய சட்டகத்தின் கால் ஆடியதற்கும் அதுவே காரணம். அன்றியும் பழைய பூச்சுகளில் ஈயம் கலந்திருக்கும். அரத்தாளாலே தேய்த்தால் அந்தத் தூள் மூச்சோடு உள்ளே போகும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இது பெருந்தீங்கு. உரியாமல் கழுவி, மேலே புதுப் பூச்சிட்டு மூடிவிடுதலே நன்று என்றேன். பாலாடை நிறம் தெரிவு செய்தோம்.

அடுத்த ஞாயிறு அம்மாவையும் மருமகளையும் அழைத்துக்கொண்டு ஷோர்டிச் பகுதியிலுள்ள இல்ல நூதனசாலைக்குச் சென்றேன். 1714ஆம் ஆண்டிலே ஏழை முதியோருக்காகக் கட்டிய விடுதி அது, 1914இலே நூதனசாலையாயிற்று. 1630ஆம் ஆண்டளவிலிருந்து அண்மைக்காலம் வரை, இலண்டன் குடும்பங்களின் இருக்கையறைகள் எப்படி இருந்தன என்பதைக் காலவரிசையிலே அறையறையாக அமைத்து வைத்திருக்கிறார்கள். இலண்டன் செல்லும் நம்மவர் மெழுகுப் பொம்மைகளைப் பார்க்கச் செலவிடும் நேரத்தில் ஒரு பாதியையேனும் இதற்குக் கொடுக்கலாம்.

அங்கே நான் பார்த்தது கதிரைகளையே. பழைய அறைகளிலே கதிரைகள் கணப்பை நோக்கிக் கூடின. ஒன்றையொன்று நேராகப் பார்க்காமல், சிறிது சரிந்து, நெருப்பையும் எதிரில் இருப்பவர் முகத்தையும் ஒருங்கே காணும் வண்ணம் வைப்பதே அவ்வழக்கத்தின் நுட்பம். தலைக்கு இருபுறமும் செட்டை போல் மடிந்த கதிரை எதற்கென்று மருமகள் கேட்டாள். அதிலே பௌதிகம் இருக்கிறதென்று சொல்லி, வந்திருந்த மற்றவர்களும் திரும்பிப் பார்க்கும்படி விளக்கினேன். திறந்த கணப்பு தன் வெப்பத்தின் பெரும்பகுதியைப் புகையோடு மேலே அனுப்பிவிடுகிறது. அறைக்குக் கிடைப்பது கதிர்வீசலால் வரும் பங்கே. மேலெழும் காற்றுக்கு ஈடாகக் கதவிடுக்கினாலும் சாளர இடுக்கினாலும் குளிர்காற்று உள்ளே வரும். ஆகவே முகம் வேகும், முதுகு விறைக்கும். அந்த முதுகுக் குளிரைத் தடுக்கவே அச்செட்டை.

இக்குறையைத் தீர்க்க முனைந்தோரில் தலையாயவர், அமெரிக்காவிலே பிறந்து ஐரோப்பாவில் வாழ்ந்த ரம்போர்ட் பிரபு. கணப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களை வெளிநோக்கிச் சரித்து, புகை நுழையும் தொண்டையை ஒடுக்கினால் வெப்பம் அறைக்கு வரும், புகை மேலே போகும் என்று 1796இல் எழுதினார். இலண்டன் கனவான்கள் தத்தம் கணப்புகளை உடைத்துத் திருத்துவதற்கு ஓடினர். "மாமா, இவ்வளவும் தெரிந்துகொண்டு ஏன் அப்பாவோடு வாதாடவில்லை?" என்றாள் மருமகள். வாதம் அவள் தாயோடுதான் என்பது அப்போது எனக்கும் தெரியாது.

அது புதன்கிழமை தெரிந்தது. அடைப்புப் பலகையைக் கழற்றியபோது இரும்பு அடுப்பும் அதைச் சுற்றிய மெருகோடுகளும் முன்னமே போய்விட்டிருந்தன. வெறுஞ் செங்கற் குழி. புகைபோக்கி துடைப்பவர் ஒருவரை வரவழைத்தோம். அவர் நீண்ட தூரிகையாலே காகக்கூட்டுச் சுள்ளிகளை ஒரு சாக்கு நிறைய இறக்கினார். முன்னொரு காலத்திலே இவ்வேலைக்குச் சிறுவர்களையே உள்ளே ஏற்றினர். 1875ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னரே அக்கொடுமை ஒழிந்தது. பின்பு அவர், புகைக்குழாயின் மேல்வாயை மூடி, கீழ்வாயைப் பலகையால் அடைத்து, உள்ளே புகைக்குளிசை ஒன்றைக் கொளுத்தினார். "வீடு முழுவதும் பார்த்து வாருங்கள்" என்றார்.

நான் மேல்மாடிக்கு ஏறினேன். முன்னறைக்கு நேர் மேலே உள்ள படுக்கையறையில், கட்டிலின் தலைமாட்டுச் சுவரிலிருந்து மெல்லிய வெண்புகை நூல் நூலாக வந்துகொண்டிருந்தது. அது அம்மாவின் கட்டில்.

நூற்றாண்டு கடந்த செங்கற் குழாய்களின் உட்பூச்சு உதிர்ந்து, இடுக்குகளினூடே புகை கசிவது அங்கே வழக்கமாம். கண்ணுக்குத் தெரியும் புகையை விழித்திருப்பவர் கண்டுகொள்ளலாம். நிறமும் மணமுமற்ற காபனோரொட்சைட்டு என்னும் வாயு அதனோடு வரும். உறங்குபவர் எழமாட்டார். அம்மாவுக்கு ஏற்கெனவே தொய்வு. அக்கா என் பின்னால் வந்து கதவருகே நின்றார். சுவரைப் பார்த்தார், தலையணையைப் பார்த்தார். "விறகு வேண்டாம்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

குழாயினுள்ளே உருக்குக் குழாய் ஒன்றை இறக்கினால் கசிவு நிற்கும். அதற்குச் செலவு பல்லாயிரம் பவுணில் வரும் என்றார்கள். அப்படிச் செய்தாலும் திறந்த கணப்பிலே விறகெரிக்க அவ்வட்டாரத்தில் இடமில்லை. 1952 டிசெம்பர் 5ஆம் நாளிலிருந்து 9ஆம் நாள்வரை இலண்டனைக் கரிப்புகை மூடியபோது ஏறக்குறைய 4,000 பேர் மாண்டனரென அரசு அன்று கணக்கிட்டது. பிற்கால ஆராய்ச்சிகள் 12,000 வரை சொல்கின்றன. அதன் விளைவாக 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. 1993இலே அது புதுக்கப்பட்டது. இலண்டனின் பெரும்பகுதி அச்சட்டத்தின்படி புகைக் கட்டுப்பாட்டு வலயம். அங்கே புகையில்லா எரிபொருளோ, விலக்களிக்கப்பட்ட மூடிய அடுப்போதான் செல்லும். கதைகளிலே நாம் வாசித்த, விறகு வெடித்து எரியும் திறந்த கணப்பு, அந்நகரத்து வீட்டுக்கு இப்போது உரியதன்று.

இங்கே நம் வாசகர் சிலருக்காகச் சிறிது விலகுகிறேன். நுவரெலியாவிலும் அதனைச் சூழ்ந்த தோட்டத்துப் பங்களாக்களிலும் ஆங்கிலேயர் விட்டுச்சென்ற கணப்புகள் உள்ளன. 6,000 அடிக்கு மேற்பட்ட அவ்வுயரத்திலே தை மாதத்து இரவிற்கு அவை ஆடம்பரமல்ல. நான் முதன்முதலிற் கணப்பைக் கண்டதும் அங்கேதான். அத்தகைய வீட்டிலே வாழ்வோர் மரச்சட்டகம் வைக்க விரும்பினால், மரம் நெருப்பின் வாயைத் தொடலாகாது என்பதை முதலிலே மனத்திற் கொள்க. அமெரிக்கக் கட்டட விதி, வாயின் விளிம்பிலிருந்து 6 அங்குலத்துக்குள் மரமே கூடாதென்கிறது. 12 அங்குலத்துக்குள் வரும் மரம், விலகிய ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரைக்கால் அங்குலத்துக்குமேல் முன்னே நீளலாகாது. அந்த இடைவெளியைக் கல்லாலோ ஓட்டாலோ நிரப்பவேண்டும். பழைய சட்டகங்களிலே மரத்துக்கும் நெருப்புக்குமிடையே பளிங்குப் பட்டியும் வண்ண ஓடும் வருவது அழகுக்காக மட்டுமன்று. முன்னே தரையில், தணல் தெறித்தால் தாங்கும் கற்றளம் 20 அங்குலமேனும் நீளவேண்டும்; பக்கங்களில் 6 அங்குலம். வாய் பெரிதாயிருந்தால் நல்லது என்று பலர் எண்ணுவர். புகைக்குழாயின் குறுக்குப் பரப்பு வாயின் பரப்பிலே ஏறத்தாழப் பத்திலொன்றாவது இல்லாவிட்டால் புகை அறைக்கே திரும்பும். ஆண்டுதோறும் குழாயைத் துடைப்பித்து, காபனோரொட்சைட்டைக் காட்டும் எச்சரிக்கைக் கருவி ஒன்றையும் வைத்துக்கொள்க.

அக்கா வீட்டுக்கு வருவோம். நெருப்பில்லாத கணப்பு பொய்யல்லவா என்று அத்தான் கேட்டார். நல்ல கேள்வி. அவர் கேட்ட தொனியிலே தொலைக்காட்சியின் நலமும் கலந்திருந்தது. ஆனால் ஆங்கிலேயரே ஆண்டிற் பாதி நாள் நெருப்பின்றித்தான் கணப்பைச் சுற்றி இருந்தனர். வேனிற்காலத்திலே அவர்கள் கணப்பின் வாயில் ஓவியந் தீட்டிய பலகையை வைத்தனர். பூச்சாடியும் பன்னச்செடியும் வைத்தனர். கதிரைகளைக் கலைத்து மூலைக்கு ஒதுக்கவில்லை. நெருப்பு அணைந்தாலும் இடம் இடமாகவே இருந்தது. போலித் தீயை மட்டும் நான் ஏற்கவில்லை. அதை மருமகளும் நான் நினைத்ததைவிட எளிதாக விட்டுக்கொடுத்தாள்.

ஆகவே குழியைத் துப்புரவாக்கி, உட்சுவருக்குச் சுண்ணமடித்து, புகைக்குழாயின் உச்சியிலே மழை புகாமல் காற்று மட்டும் போகும் மூடி இட்டோம். முற்றாக அடைத்துவிட்டால் உள்ளே ஈரங் கட்டும். தரைக்குக் கருங்கற் பலகை. சட்டகத்துக்கும் குழிக்குமிடையே பச்சை மெருகோடுகள், ஒற்றை வரிசை. சோபா ஒன்றை வேண்டியவருக்குக் கொடுத்துவிட்டோம்; மற்றையதைக் கணப்புக்கு எதிரே, இரு பக்கமும் ஒவ்வொரு கதிரை. நெருப்பில்லாத இடத்திலும் கதிரைகளுக்கிடையே ஏழடிக்குமேல் விடவில்லை. அதற்கு மேற்பட்டால் காது மந்தமானவரோடு உரக்கப் பேச நேரும், உரத்துப் பேசினால் உரையாடல் வழக்காடலாகும். கதவிலிருந்து சாளரத்துக்குப் போவோர் கதிரைகளின் முன்னால் அல்லாமற் பின்னால் நடக்கும்படி வழி விட்டோம். கூரையின் நடுவிலிருந்த கண்ணைக் குத்தும் விளக்குக்குப் பதிலாகக் கதிரைகளின் அருகே தாழ்ந்த மேசை விளக்குகள் இரண்டு.

தொலைக்காட்சி இடப்பக்கத்து ஒதுக்கிற்குப் போயிற்று; வலப்பக்கத்து ஒதுக்கிலே புத்தகத் தட்டுகள். மேற்பலகைக்கு மேலே மாட்டினால் பார்ப்பவர் கழுத்தை நிமிர்த்தியே பார்க்கவேண்டும். அதைவிட, கண்கள் எல்லாம் மேலே போனபின் கீழே கணப்பு எதற்கு? இவ்விடயத்திலே அக்கா என் பக்கம். மேற்பலகையில் ஆங்கிலேயர் நடுவிலே மணிக்கூடும் இருபுறமும் சோடியாக ஏதேனும் வைப்பர்; பீங்கான் நாய்ச் சோடி விக்டோரியா இராணி காலத்துக் குடிசைகளிலும் இருந்தது. அக்கா வீட்டிலே நாய்கள் இல்லை. அப்பாவின் மேசை மணிக்கூடு ஒன்று, அது ஓடுவதில்லை. மேலே அப்பாவின் படம். நெருப்பெரிந்தால் வெப்பத்தாற் படம் கெடும் என்று அங்கே மாட்ட விட்டிருக்கமாட்டேன்.

அம்மாவின் விருப்பப்படி அக்கா பஞ்சாங்கம் பார்த்து, சனிக்கிழமை காலை 10 மணி 12 நிமிடத்துக்கு நிலை வைக்கத் தச்சரை வரச்சொன்னார். அவரும் தலையசைத்தார். வந்தபோது 11 மணி. வழியிலே வாகன நெரிசல். எல்லோரும் அம்மாவின் முகத்தைப் பார்த்தோம். "கதவில்லாத நிலைதானே, பரவாயில்லை" என்று சொல்லி, தச்சருக்குத் தேநீர் போடப் போய்விட்டார்.

அன்று மாலை நான் கடைக்குப் போய் வந்தபோது, அம்மா ரேடியேற்றரின் அருகிலிருந்த கதிரையிலே இல்லை. கணப்பின் வலப்புறக் கதிரையில் இருந்தார். குழியினுள்ளே, கருங்கற் பலகைமேல், அவருடைய சிறிய விளக்கு ஒரு திரியோடு எரிந்தது. மருமகள் எதிர்க்கதிரையில் இருந்து, தன் தாத்தாவின் மணிக்கூடு எந்த ஆண்டு நின்றதென்று கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா ஆண்டைச் சொல்லவில்லை. நின்ற கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்லத் தொடங்கியிருந்தார். அக்கா சமையலறை வாயிலில் அகப்பையோடு நின்று கேட்டார். நான் வாங்கி வந்த பாலை அவரிடம் கொடுத்துவிட்டுச் சோபாவில் இருந்தேன்.

அத்தான் சென்ற கிழமை எழுதியிருக்கிறார்: ஒதுக்கிலிருக்கும் தொலைக்காட்சியிலே சாளர வெளிச்சம் பட்டு, கிரிக்கெட் பந்து தெரியவில்லையாம். தட்டைக் கால் வட்டம் திருப்பி வைக்கும் கீல் ஒன்றைப் படம் வரைந்து அனுப்பியுள்ளேன்.